எண்ணிமச் சொத்தும் அதன் காவலும்

ஏட்டிலிருந்த தமிழ் செல்லரித்துப்போவதைக் கண்டு, சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். அச்சின் பெரும்பயன், ஒன்று பலவாகிப் பல இடங்களிற் பரவுதலேயாம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறிடங்களிற் பிரதியுள்ளவற்றை இன்றும் தேடிப் பெறலாம். ஒற்றைப் பிரதியாயிருந்தவை மீளமாட்டா.

இக்காலத்திலே நம் கல்லூரிகளும் சங்கங்களும் கோயில்களும் நிழற்படம், மலர், கணக்கு, கடிதம் முதலியவற்றைக் கணினியில் வைக்கின்றன. இவையே எண்ணிமச் சொத்து எனப்படுவன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் யாவர்க்கும் திறந்துவைத்துள்ளது. அதைக் கண்டு தம் பழைய மலர்களையும் வருடுவிக்க விரும்புவோர் பலர். நன்றே. ஆயின், வருடியவுடன் காவல் முடிந்ததென்று எண்ணுதல் பேதைமை. ஒரே வன்தட்டிற் கிடக்கும் ஆயிரம் படங்களும் ஒற்றைச் சுவடியை ஒத்தனவே. ஏட்டைச் செல் அரிக்கப் பல்லாண்டாகும். வன்தட்டோ ஒரே நாளிற் பழுதாகும். நெகிழ்வட்டில் வைத்ததைப் படிக்க இன்று கருவி தேடி அலையவேண்டும்.

அங்ஙனமாயின் ஒரு நிறுவனம் தன் நிலையை அறிவது எவ்வாறு? பிரித்தானியாவிலே தோன்றிய எண்ணிமப் பாதுகாப்புக் கூட்டமைப்பு 2019இல் ஒரு மதிப்பீட்டு முறையை வெளியிட்டது. 11 துறைகளில் நிறுவனம் தனக்குத்தானே 0 முதல் 4 வரை புள்ளியிட்டுக்கொள்ளும். அவற்றுள் 6 நிறுவனத்தின் ஒழுங்கைப் பற்றியவை: பொறுப்பாளரும் பணமும் உண்டா, கொள்கை எழுதப்பட்டுளதா, உரிமை தெளிவா என்பன போல்வன. ஏனைய 5 ஆவணத்தைப் பற்றியவை. யாவற்றிலும் 4 பெறவேண்டுமென்பதில்லை; தனக்கு ஏற்ற இலக்கைத் தானே வகுத்துக்கொள்ளலாம். பரீட்சைப் புள்ளியிலேயே வளர்ந்த நமக்கு இது சற்று வியப்பாயிருக்கும். உண்மையாக இட்ட 1, ஒப்புக்கு இட்ட 3இலும் பயனுடைத்து.

இனி, நம்மவர் பெரும்பாலும் புள்ளி இழக்கும் இடங்களைப் பார்ப்போம். முதலாவது விபரக் குறிப்பு. பழைய துடுப்பாட்ட அணியின் படம் தெளிவாக வருடப்பட்டிருக்கும். நிற்பவர் யார், ஆண்டு யாது என்பது இராது. அதைச் சொல்லக்கூடிய மூத்த பழைய மாணவர் இன்றுளர். பத்தாண்டு கழிய யாரைக் கேட்பது? கருவி எத்துணைச் சிறந்ததாயினும் இக்குறையை நிரப்பாது.

அடுத்தது பிரதி. மூன்று பிரதிகளேனும் வேண்டும். அவற்றுள் ஒன்று குடாநாட்டுக்கு வெளியே இருத்தல் நன்று. கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ நகரங்களிலுள்ள பழைய மாணவர்க்கு இதனினும் எளிய தொண்டு வேறில்லை. பிரதி மாறாதிருக்கின்றதா என்பதையும் பார்க்கவேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்துத் தரும். பின்னொரு நாள் கணிக்கும்போது அவ்வெண் வேறுபடின் கோப்பும் மாறிற்றென்பது துணிபு. ஏடு பெயர்த்தெழுதியோர் மூலத்தோடு ஒப்புநோக்கிய அதே தொழிலே இது.

யாவற்றையும் யாவர்க்கும் திறந்துவிடலும் ஆகாது. சேர்வு இடாப்பில் மாணவரின் பிறப்பு, பெற்றோர், முகவரி யாவும் உள. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் இதில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எங்கே தொடங்குவது எனின், ஒரு பட்டியலிலே தொடங்கலாம்: என்ன உளது, எங்கே உளது, கடவுச்சொல் எவரிடம் உளது. சங்கச் செயலாளர் மாறும் வேளையில் பணப்பெட்டித் திறப்போடு இப்பட்டியலும் கைமாற வேண்டும்.