கேம் நடுவே கருப்பாகும் ஸ்கிரீன்... கிராபிக்ஸ் கார்டு போச்சா? புதுசு வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதோ, வீடியோ எடிட் செய்யும்போதோ திடீரென ஸ்கிரீன் கருப்பாகிறது. சில நேரம் கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆகிறது. உடனே பலரும் சொல்வது, ‘கார்டு போச்சு, மாத்திடுங்க’ என்பதுதான்.

ஆனால் 20 ஆயிரம், 30 ஆயிரம் ரூபாய் கொடுத்து புது கார்டு போட்ட பிறகும் அதே பிரச்னை தொடர்ந்தால்? கோளாறு கரண்டிலோ, எஸ்எம்பிஎஸ்ஸிலோ, பிராசஸரிலோ இருக்கலாம். போடிநாயக்கனூர் போன்ற ஊரிலும், அதற்கு மேலே ஏலமலைச் சரிவுகளிலும் இருப்பவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும். அங்கே மின்சாரம், ஈரம், இடி மூன்றுமே கம்ப்யூட்டருக்குச் சோதனைதான். கார்டைக் கழற்றிக்கொண்டு மதுரைக்குப் போய் வருவதென்றால் ரயிலில் ஒரு வழிக்கே சுமார் 90 கிலோமீட்டர். அதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்

கிராஷ் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அது நிற்கும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

* கம்ப்யூட்டர் மொத்தமாக ஆஃப் ஆகிறது அல்லது ரீஸ்டார்ட் ஆகிறது: முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், வீட்டு வயரிங் மீது.
* ஸ்கிரீன் மட்டும் கருப்பு, சத்தம் கேட்கிறது, ஃபேன் வேகமாகச் சுற்றுகிறது: கார்டுக்குப் போகும் பவர் கேபிள், சூடு அல்லது கார்டு.
* கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வருகிறது: டிரைவர், ஓவர்கிளாக், ரேம் அல்லது பிராசஸர்.
* ஆன் செய்தவுடனே, விண்டோஸ் வருவதற்கு முன்பே கலர் புள்ளிகள், கோடுகள்: கார்டின் மெமரியே பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

விண்டோஸில் ‘ஈவன்ட் வியூவர்’ என்ற பகுதி இருக்கிறது. கிராஷ் ஆன நேரத்தில் அங்கே ‘டிஸ்ப்ளே 4101’ என்று இருந்தால், டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டும் எழுந்திருக்கிறது என்று அர்த்தம். கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸே அதை ரீசெட் செய்யும். ‘கெர்னல் பவர் 41’ என்றிருந்தால் கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றிருக்கிறது. கரண்ட் கட்டானாலும் அதேதான் பதிவாகும். எனவே அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

முதலில் கரண்ட்டைப் பாருங்கள்

கிராபிக்ஸ் கார்டு சீராக மின்சாரம் இழுப்பதில்லை. கேமில் காட்சி மாறும் நொடியில் சட்டென்று அதிகமாக இழுக்கும். மதர்போர்டு ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். மீதி எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் தனி கேபிளில் வர வேண்டும். 8 பின் கேபிள் ஒன்றின் கணக்கு 150 வாட்.

ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் எடுக்கும். அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறது என்விடியா. ஆர்டிஎக்ஸ் 3080 என்றால் 320 வாட். அதற்கு 750 வாட் எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சேர்ந்து வந்த மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய கார்டைப் போட்டால், லோடு ஏறும்போது கம்ப்யூட்டர் ஆஃப் ஆவதில் ஆச்சரியமில்லை.

யுபிஎஸ்ஸையும் பாருங்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட்தான். ஒருமுறை யுபிஎஸ்ஸைத் தவிர்த்து, எர்த் உள்ள நல்ல பிளக்கில் நேரடியாகப் போட்டுப் பாருங்கள். மழை, இடி இல்லாத நாளில் செய்யுங்கள். பிரச்னை நின்றுவிட்டால் ஆள் சிக்கிவிட்டது.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்களா? கரண்ட் கட்டாகி இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தாங்குவது ஏறத்தாழ 16, 17 மில்லி விநாடிதான். அதற்கு மேல் போனால் ரீஸ்டார்ட். பல இன்வெர்ட்டர்களில் ‘யுபிஎஸ் மோட்’ என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் வேகமாக மாறும்.

பக்கத்தில் மோட்டார் ஓடும்போது விளக்கு மங்குகிறதா? அதே நேரத்தில்தான் கம்ப்யூட்டரும் நிற்கிறதா? இரண்டையும் நான்கு நாள் நேரம் போட்டு எழுதி வையுங்கள். கேபினட்டைத் தொட்டால் கையில் ‘ஜிவ்’வென்று இழுத்தால் அதற்கு மேல் தொடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்த பிறகுதான் மற்றவை.

மலையில் ஈரம், கீழே சூடு

ஏலக்காய்க்கு ஈரமும் நிழலும் வேண்டும். எலக்ட்ரானிக்ஸுக்கு அதே ஈரம் ஆகாது. தூசியோடு ஈரம் சேர்ந்தால் ஸ்லாட்டிலும் கனெக்டரிலும் களிம்பு பிடிக்கும். மலையில் குளிர்ந்து கிடந்த கம்ப்யூட்டரைப் போடிக்கு இறக்கினால், கீழே உள்ள வெதுவெதுப்பான காற்று பட்டு உள்ளே நீர் கோத்துக்கொள்ளலாம். சில மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு ஆன் செய்வது நல்லது.

கீழே போடியில் கோடைக்காலத்தில் சிக்கல் வேறு. ஃபேனில் தூசி அடைத்திருந்தால் சூடு வெளியேறாது. ஜிபியு இசட், ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச சாஃப்ட்வேர்களில் வெப்பநிலையைப் பார்க்கலாம். 90 டிகிரியை நெருங்கும்போதெல்லாம் கிராஷ் ஆகிறதென்றால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது.

சுத்தம் செய்யும் முன் பிளக்கை முழுவதுமாகக் கழற்றுங்கள். கேபினட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கார்டைக் கழற்றி, ஸ்லாட் தூசியைத் தட்டி, ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். உள்ளே எறும்பு, பல்லி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஷார்ட் ஆவதற்கு அவையும் காரணமாகலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

கேபிள் சரியாக மாட்டியிருக்கிறதா?

2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் பவர் கனெக்டர் உருகிய சம்பவங்கள் உலகம் முழுவதும் பேசப்பட்டன. கனெக்டர் முழுமையாக உள்ளே போகாததே பொதுவான காரணமாகத் தெரிகிறது என்று அந்த ஆண்டு நவம்பரில் என்விடியா கூறியது. கார்டில் இரண்டு பவர் சாக்கெட் இருந்தால், ஒரே கேபிளின் இரண்டு தலையை மாட்டுவதைவிட இரண்டு தனி கேபிள் மாட்டுவது பாதுகாப்பு. ஒரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றக்கூடிய கேபிளை வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் போடவே கூடாது. வயர் வரிசை மாறியிருந்தால் கார்டே எரிந்துவிடும்.

டிரைவரா, பிராசஸரா?

2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வெளியானபோது, பலருக்கு கேம் நடுவே கிராஷ் ஆனது. கார்டின் கெப்பாசிட்டர் மீது சந்தேகம் எழுந்தது. அதே மாத இறுதியில் வந்த 456.55 டிரைவரைப் போட்டதும் பலருக்குப் பிரச்னை குறைந்தது.

2024-ல் நடந்தது இன்னும் விசித்திரம். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர் வைத்திருந்தவர்களுக்கு ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று கேமில் எரர் வந்தது. படித்தவர்கள் கிராபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகப்பட்டார்கள். கோளாறு பிராசஸரில் இருந்தது. இன்டெல் பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, பாதிக்கப்பட்ட பிராசஸர்களுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. அந்தத் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் முதலில் பயாஸை அப்டேட் செய்ய வேண்டும்.

டிரைவரை மாற்றுவதென்றால், சேஃப் மோடில் ‘டிடியு’ என்ற இலவச சாஃப்ட்வேர் மூலம் பழையதை முழுமையாக நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். சமீபத்திய அப்டேட்டுக்குப் பிறகுதான் பிரச்னை என்றால் முந்தைய டிரைவருக்கே திரும்பலாம். ஓவர்கிளாக்கையும், ரேமின் எக்ஸ்எம்பி அமைப்பையும் ஆஃப் செய்து பாருங்கள்.

ஒரு விதியை மட்டும் மறக்கக்கூடாது: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். நான்கையும் சேர்த்து மாற்றினால், எது சரி செய்தது என்பது கடைசிவரை தெரியாது.

கார்டுதான் பழுது என்று எப்போது சொல்லலாம்?

கார்டைக் கழற்றி நண்பரின் கம்ப்யூட்டரில் போடுங்கள். அங்கேயும் அதே மாதிரி நின்றால் கார்டுதான். அங்கே மணிக்கணக்கில் ஓடினால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில் அல்லது உங்கள் வீட்டு கரண்ட்டில். செலவே இல்லாத இந்த டெஸ்ட்டைச் செய்யாமல் புது கார்டு வாங்க வேண்டாம்.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. எனவே பில், பெட்டி, சீரியல் நம்பர் மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். கார்டில் உள்ள வாரண்டி ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். இடி விழுந்து எரிந்தது, களிம்பு ஏறியது போன்றவை வாரண்டியில் பெரும்பாலும் வராது. அதனால் இடி இடிக்கும்போது பவர் பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுவது நல்லது.

வாரண்டி இருந்தும் கடைக்காரரோ, சர்வீஸ் சென்டரோ தட்டிக்கழித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். கிராஷ் ஆன தேதி, நேரம், அப்போது எடுத்த வீடியோ, நண்பரின் கம்ப்யூட்டரில் செய்த டெஸ்ட் எல்லாம் கையில் இருந்தால் ‘எங்க கார்டில் பிரச்னை இல்லை’ என்ற பதிலோடு அனுப்பிவிடுவது அவ்வளவு சுலபமாக இருக்காது.