மலையேறும் மோட்டார்ச் சைக்கிளும் மேலதிக விசிறியும்



கொழும்பிலிருந்து கண்டிக்கு வருவோர் கடுகண்ணாவைக் கணவாயை ஏறியே வரவேண்டும். குருநாகலிலிருந்து வருவோருக்குக் கலகெதரை ஏற்றம் காத்திருக்கின்றது. 1820களில் கப்டன் டோசன் என்பாரின் மேற்பார்வையிலே கொழும்பு – கண்டி வீதி அமைக்கப்பட்டபோது, அதிலே ஏறியவை மாட்டு வண்டிகளே. இன்றோ அதே ஏற்றத்தில் பாரவண்டிகளின் பின்னே ஊர்ந்து வருகின்ற மோட்டார்ச் சைக்கிள்கள் எண்ணிறந்தன. அவற்றுட் பல வெயில் நேரத்திலே எஞ்சின் சூடேறி வலுவிழக்கின்றன. இதற்குப் பரிகாரமாகச் சிலர் சிறிய மின்விசிறி ஒன்றை வாங்கி எஞ்சினருகே பொருத்திக் கொள்கின்றனர். அது பயன் தருமா, தருமெனின் எந்நிலையில் தரும் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில் வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்பதைக் காண்போம். எஞ்சினின் உருளைக்குள் பெற்றோலும் காற்றும் கலந்து எரியும்போது, அவ்வாயுவின் வெப்பநிலை ஒரு கணம் 2000 பாகை செல்சியசுக்கும் மேற்செல்லும். உள்ளே இயங்குகின்ற முசலமோ அலுமினியக் கலப்புலோகத்தாலானது. தூய அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். ஆகவே பிறக்கும் வெப்பத்தை இடையறாது வெளியேற்றினாலன்றி எஞ்சின் நிலைக்காது. மேலும், பெற்றோலிலுள்ள சக்தியில் ஏறத்தாழக் காற்பங்கே சில்லைச் சுழற்றப் பயன்படுகின்றது. எஞ்சியது வெப்பமாகவே கழிகின்றது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். வண்டியும் இருவரும் சேர்ந்து 250 கிலோகிராம் எனவும், ஏறவேண்டிய உயரம் 300 மீற்றர் எனவும் கொள்வோம். அப்பாரத்தை அவ்வுயரத்திற்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 7 இலட்சத்து 35 ஆயிரம் யூல் வேலை செய்யப்படவேண்டும். இதன் மும்மடங்கு வெப்பமாகக் கழியுமாயின், அது ஏழு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். மற்றப் பங்கை எஞ்சினின் உடல்தான் காற்றுக்குக் கொடுத்துத் தீரவேண்டும்.

எவ்வாறு கொடுக்கின்றது? கொதிக்கும் தேநீரை ஆற்றும் வகையை எண்ணிப் பாருங்கள். கோப்பையிலிருந்து தட்டில் ஊற்றினால் அது விரைவில் ஆறும். பரப்புக் கூடியமையே காரணம். அத்தட்டின்மேல் வாயால் ஊதினால் இன்னும் விரைவில் ஆறும். சூடேறிய காற்று அகன்று புதுக்காற்று வந்தமையே காரணம். எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காய் நிற்கும் மெல்லிய செட்டைகள் தேநீர்த் தட்டின் வேலையைச் செய்கின்றன. வண்டி ஓடும்போது எதிர்ப்படும் காற்று, ஊதுகின்ற வேலையைச் செய்கின்றது.

இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகின்றது. பிறக்கும் வெப்பம் எஞ்சினின் உழைப்பைப் பொறுத்தது. குளிர்ச்சியோ வண்டியின் வேகத்தைப் பொறுத்தது. சமதரையில் இவ்விரண்டும் ஒன்றாகவே கூடிக் குறையும். மலையேற்றத்திலோ உழைப்பு மிகுகின்றது, வேகம் குறைகின்றது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகையில், பின்னாலிருந்து 15 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசுமாயின், செட்டைகளுக்குக் கிடைப்பது 5 கிலோமீற்றர் காற்றே. பெரஹரா நாட்களில் வீதிகள் சில மூடப்பட, எஞ்சியவற்றில் வாகனங்கள் முட்டிமோதி நிற்கும்போது அதுவும் இல்லை.

சூடு அளவு கடந்தால் விளைவு யாது? எண்ணெய் தன் தடிப்பை இழந்து மெலிகின்றது. அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும் இயல்புடையது. எனவே இரும்பு உறையிட்ட உருளைக்குள் முசலம் பருத்து இறுகக்கூடும். ஓடிக்கொண்டிருக்கையில் அவ்வாறு இறுகினால் பின்சில்லு திடீரெனப் பூட்டிக்கொள்ளும். செங்குத்தான வளைவிலே, பின்னால் ஒரு பாரவண்டி வரும்போது இது நேர்ந்தால், இழப்பு எஞ்சினோடு நின்றுவிடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

விசிறியால் எஞ்சினைக் குளிர்விப்பது புதுமையன்று. 1946ஆம் ஆண்டு இத்தாலியில் வெஸ்பா ஸ்கூட்டர் வெளிவந்தது. அதனை வகுத்த கொறடினோ தஸ்கானியோ, முன்னர் வானூர்திப் பொறியியலில் ஈடுபட்டவர். செலுத்துவோரின் ஆடையில் அழுக்குப் படாதிருக்க எஞ்சினை அவர் உறையிட்டு மூடினார். மூடியதால் எதிர்க்காற்று எட்டவில்லை. ஆதலால் சுழற்தண்டோடு இணைந்த பறப்புச்சில்லிலேயே விசிறி இதழ்களை அமைத்து, உறையின் வழியே காற்றைச் செலுத்தினார். நம் வீதிகளில் ஓடிய பழைய ஈரடிப்பு முச்சக்கர வண்டியின் எஞ்சினும் இம்முறையிலேயே குளிர்ந்தது. மூவரைச் சுமந்துகொண்டு தாழ்ந்த கியரில் அது மலையேறும்போது, வண்டி மெல்லச் சென்றாலும் எஞ்சின் விரைந்து சுழல்கின்றது. எஞ்சினோடு விசிறியும் விரைந்து சுழல்கின்றது. உழைப்புக் கூடும்போது காற்றும் கூடுகின்றது. ஆசனத்தின் கீழே ஒளிந்திருந்தும் அது தாக்குப்பிடித்தமையின் இரகசியம் இதுவே.

பின்னர் வாங்கிப் பொருத்தும் மின்விசிறி இதனின் வேறானது. அமெரிக்காவிலே, ஒன்றன்பின் ஒன்றாக இரு உருளைகள் நிற்கும் பெரிய மோட்டார்ச் சைக்கிள்களுக்கு இத்தகைய விசிறிகள் விற்கப்படுகின்றன. முன்னுருளை மறைப்பதால் பின்னுருளைக்குக் காற்றுக் குறைவு. அணிவகுப்புகளில் நடைவேகத்தில் செல்லும்போது அது மிகவும் சூடேறும். ஆதலால் அவற்றை ஊர்வல விசிறி என்ற பொருளிலேயே அங்கு அழைக்கின்றனர்.

நாமும் பொருத்த விரும்பினால் கவனிக்கவேண்டியவை சிலவுள. முதலாவது, காற்றின் வழி. உறையோ வழிகாட்டும் தகடோ இல்லாத விசிறியின் காற்று, செட்டைகளின் இடுக்குகளுள் நுழையாமல் சுற்றிப் போய்விடும். நேர் முன்னே பொருத்தினாலோ, ஓடும்போது வரும் இயற்கைக் காற்றையே அது மறைத்துவிடும். ஆகவே பக்கவாட்டில், இயற்கைக் காற்றோடு மாறுபடாத திசையில் பொருத்துவதே தக்கது. இரண்டாவது, மின்சாரம். 12 வோல்ற்றில் 2 அம்பியர் எடுக்கும் விசிறிக்கு 24 வாற்று வேண்டும். முன்விளக்கின் குமிழ் 35 வாற்று எனின், இது அதன் மூன்றில் இரு பங்குச் சுமையாகும். வண்டி நெரிசலில் நிற்கையில், அதாவது விசிறி தேவைப்படும் அதே வேளையில், மின்பிறப்பாக்கி தருவது குறைவு. குறையைப் பற்றரியே ஈடுசெய்யவேண்டும். மூன்றாவது, காவல். விசிறிக்கெனத் தனி உருகி ஒன்றும், சூடேறினால் மட்டும் இயக்கும் வெப்ப ஆளி ஒன்றும் வேண்டும். குளிர்ந்த எஞ்சின்மேல் ஓயாது காற்றடித்தால் அது தக்க வெப்பநிலையை அடையத் தாமதிக்கும். அதுவும் தேய்வுக்கு வழியாகும். மழை மிகுந்த நம் பிரதேசத்திலே நீர்புகா விசிறியே உகந்தது. ஆடையோ விரலோ படாதிருக்க இதழ்களை வலையால் மூடுவதும் இன்றியமையாதது.

ஆனால், இவற்றுக்கெல்லாம் முன்னே கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. நல்ல நிலையிலுள்ள சிறிய மோட்டார்ச் சைக்கிள், வெப்ப நாடுகளின் வீதிகளைக் கருதியே ஆக்கப்பட்டது. பெரும்பாலும் அதற்கு மேலதிக விசிறி வேண்டுவதில்லை. அப்படியிருந்தும் அது சூடேறுமாயின், செட்டைகளிடையே சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்திருக்கக்கூடும். எண்ணெய் குறைந்தோ பழுதடைந்தோ இருக்கலாம். பெற்றோற் கலவை அளவுக்கு மிஞ்சி ஐதாயிருக்கலாம். பிரேக் விடுபடாமல் சில்லை உரசிக்கொண்டிருக்கலாம். சுமை மிகையாகவும் இருக்கலாம். இவற்றைத் திருத்தாமல் விசிறியை மட்டும் பொருத்துவது, காய்ச்சலின் காரணத்தை அறியாமல் நெற்றியில் ஈரத்துணி இடுவதை ஒக்கும். சூடு சற்றுத் தணியும். கேடு உள்ளே வளரும்.

ஏற்றத்திலே எஞ்சின் வலுவிழந்து, வழமைக்கு மாறான தட்டல் ஒலி கேட்குமாயின், வீதியோரத்தில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அணைத்துவிடுங்கள். கொதிக்கும் எஞ்சின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். திடீரெனச் சுருங்கும் உலோகம் வெடிக்கவும் கோணவும் கூடும். தானாக ஆறவிடுவதே முறை.

கடுகண்ணாவையில் இன்றும் பழைய அம்பலமொன்று உண்டு. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறுதற்கென எழுந்தது அது. ஏறும் மாட்டுக்கு ஓய்வு வேண்டுமென்பதை அக்காலத்து வண்டிக்காரர் அறிந்திருந்தனர். மாடு மூச்சிரைக்கும், நாமும் இரங்கி நிறுத்துவோம். எஞ்சின் அவ்வாறு இரைத்துக் காட்டுவதில்லை. அதன் நிலையை அறிவால்தான் உணரவேண்டும். விசிறி வாங்கும் பணத்தை எண்ணுமுன், எண்ணெயின் அளவையும் செட்டைகளின் தூய்மையையும் ஒருமுறை பாருங்கள். அதன் பின்னும் தேவையெனக் கண்டால், தேர்ந்த திருத்துநர் ஒருவரைக் கொண்டு முறையாகப் பொருத்திக் கொள்ளுங்கள்.