ஆணிக்கு ஆஃப்செட்

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர்களும், ஷிப்டுக்காக ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கிறவர்களும் ஒரே நெடுஞ்சாலையைத்தான் நம்பியிருக்கிறார்கள். இரண்டாம் கூட்டத்தில் குனிந்த தலைகள் அதிகம். எல்லோர் கையிலும் செல்போன், அதில் ஏதாவது ஒரு கேம். அந்தக் கேம் 'பெக்லின்' ஆக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. மெஷின் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு அதன் சூட்சுமம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும் என்பது என் எண்ணம்.

கனடாவின் ரெட் நெக்சஸ் கேம்ஸ் உருவாக்கியது இது. 2022 ஏப்ரலில் அரைகுறையாக வெளியிட்டு, ஆடுகிறவர்களின் கருத்தைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2024 ஆகஸ்டில் முழுமையாக்கினார்கள். கதை சின்னது: டிராகன்கள் கொள்ளையடித்த தங்கத்தை மீட்கப் புறப்படுகிறது ஒரு பச்சைக் குட்டிச்சாத்தான். அதற்கு வாளும் இல்லை, வில்லும் இல்லை. ஆணிகள் நிறைந்த பலகையில் பந்தை விடவேண்டும். பந்து எத்தனை ஆணிகளில் மோதுகிறதோ, அதற்கேற்ப எதிரிக்கு அடி விழும். வென்றால் புதுப் பந்தோ விசேஷப் பொருளோ கிடைக்கும். செத்தால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

செத்தால் முதலிலிருந்து என்ற இந்த விதி 1980-ல் வந்த 'ரோக்' என்ற கணினி விளையாட்டின் சொத்து. ஆணிப் பலகையோ ஜப்பானியக் கடைகளில் ஆடும் பச்சிங்கோ என்ற விளையாட்டினுடையது. நகோயாவைச் சேர்ந்த மசமுரா தகேய்ச்சி 1948 வாக்கில் ஆணிகளை அடிக்கும் ஒழுங்கை மாற்றியமைத்த பிறகுதான் அது ஜப்பான் முழுக்கப் பரவியது. 11 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுகள் அந்த ஆணிகளுக்கிடையே இறங்கும். இரவில் கடையைச் சாத்தியபின் சுத்தியலால் ஆணிகளை மயிரிழை வளைத்து வைப்பதற்கென்றே அங்கே கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். ஆடுகிறவர் குண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைக்காரர் ஆணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெக்லினில் குறி பார்த்து விட்டால் ஜெயிக்கலாமே என்று தோன்றும். முதல் மோதல்வரை அது சரி. ஆணியின் ஆரத்தையும் பந்தின் ஆரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதைப்போல் 5 மடங்கு தூரம் நேராகப் போய் மோதினால், பந்தின் திசையில் இருந்த பிழை குறைந்தது 11 மடங்காகும். நான்கு மோதலில் 14,641 மடங்கு. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கை பிசகினாலும், நான்காவது ஆணியைத் தாண்டும்போது 15 டிகிரி விலகியிருக்கும். உருண்டைத் தடைகளில் மோதும் பந்தின் இந்தக் குழப்பத்தைக் கணிதமாக நிறுவியவர் ரஷ்யாவின் யாக்கோவ் சினாய்; 2014-ல் ஏபெல் பரிசு பெற்றவர்.

குறி கைவிட்டால் அதிர்ஷ்டம் காப்பாற்றுமா? அதே பரிசை 2007-ல் பெற்றவர் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர்.ஸ்ரீனிவாச வரதன். அரிதான நிகழ்வுகள் எவ்வளவு அரிது என்று அளக்கும் கோட்பாட்டை ஒருங்கிணைத்துத் தந்தவர். நாணயத்தைச் சுண்டினால் நூற்றுக்கு எழுபது என்ற விகிதத்தில் தலை விழவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10 முறை சுண்டினால் 7 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு 17 சதவீதம். 100 முறை சுண்டி 70 அல்லது அதற்கு மேல் விழுவதோ ஏறக்குறைய 25,000-ல் ஒன்று. எண்ணிக்கை கூடக் கூட அதிர்ஷ்டம் மெலிவது மட்டுமல்ல, அடுக்குவேகத்தில் மெலிகிறது. பெக்லினின் முதல் காட்டை அதிர்ஷ்டத்தால் கடந்துவிடலாம். கடைசி டிராகன்வரை அது கூட வராது.

அப்படியென்றால் ஆடுகிறவருக்கு என்ன வேலை? ஆணிக்கு 2 புள்ளி அடிக்கும் பந்து சராசரியாக 15 ஆணிகளைத் தொடுகிறது என்போம், மொத்தம் 30. மெனக்கெட்டுக் குறிபார்த்து 18 ஆணிகளைத் தொட்டால் 36. குறியை விட்டுவிட்டு, பந்தை 3 புள்ளி அடிப்பதாக மேம்படுத்திக்கொண்டால் 45. எந்தப் பந்தை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கியெறிவது, எந்தப் பொருளை வாங்குவது என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. பச்சிங்கோ கடைக்காரரின் சுத்தியல் இங்கே ஆடுகிறவர் கைக்கு வந்துவிட்டது.

மெஷின் ஷாப்பில் கணினி வழி இயங்கும் சிஎன்சி மெஷினின் ஆபரேட்டர் இதைத்தான் தினமும் செய்கிறார். ஒரு பீஸ் அளவு பிசகினால் உடனே ஆஃப்செட்டை, அதாவது மெஷினுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தத்தை, மாற்றமாட்டார். நாலைந்து பீஸ் ஒரே பக்கமாக நகர்கிறதா என்று சார்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். ஏன் என்று அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஒரு புனலும் கோலியும் வைத்து விளக்கினார். புனலை அசைக்காமல் கோலிகளைப் போட்டால் அவை இலக்கைச் சுற்றி ஓரளவு சிதறும். ஒவ்வொரு கோலி விலகியதும் அதே அளவு எதிர்ப்பக்கமாகப் புனலை நகர்த்திக்கொண்டே போனால், சிதறலைக் குறிக்கும் மாறுபாட்டெண் குறையாது, இரண்டு மடங்காகும். பெக்லினில் புதியவர்கள் தோற்பதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். ஒரு பந்து சொதப்பியதும் பதறி வேறு ரகத்துக்குத் தாவுவார்கள். பத்து ரகம் சேரும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

பெக்லினை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும், பந்தயம் கிடையாது. இதே ஆணிப் பலகையைக் காட்டிப் பணம் கட்டச் சொல்லும் 'பிளிங்கோ' சூதாட்டச் செயலிகள் வேறு வகை. தமிழ்நாடு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்கையே ஓரங்கட்டிவிட்டு, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடைசெய்தது. ஆனாலும் விளம்பரம் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 12 வரிசை ஆணிப் பலகையில் ஒவ்வொரு ஆணியிலும் இடமும் வலமும் சமவாய்ப்பு என்றால், ஒரு பக்கக் கோடிக் குழியில் பந்து விழுவது 4,096-ல் ஒருமுறை. நடுவிலுள்ள மூன்று குழிகளில் மட்டும் நூற்றுக்கு 61 விழும். பெரிய பரிசைக் கோடியிலும், கட்டிய பணத்தில் கால்வாசியை நடுவிலும் எழுதிவைக்கிற பலகையில், ஆஃப்செட்டை யாரோ முன்பே கொடுத்துவிட்டார்கள்.