தலைக் கணக்கும் வழிக் கணக்கும்

வைத்தியசாலை இருக்கிறது என்பது வேறு. நோயாளி அதனிடம் போய்ச் சேர முடியும் என்பது வேறு. முன்னதைச் சர்க்காரின் புள்ளிவிவரங்கள் சொல்லும். பின்னதைப் பிரசவ வேதனையோடு மலையிறங்கும் ஸ்திரீயே அறிவாள்.

கிராம வைத்தியத்துக்கு நமது தேசத்தில் மூன்று படிகள் உண்டு: துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், அவற்றுக்கு மேலாகச் சமுதாய சுகாதார நிலையம். முப்பது படுக்கைகளும், அறுவை, மகப்பேறு, குழந்தை வைத்திய நிபுணர்களும் இம்மூன்றாம் படியில் இருக்க வேண்டுமென்பது விதி. சமவெளியில் 1,20,000 பேருக்கு ஒன்று. மலையிலும் ஆதிவாசிப் பிரதேசத்திலும் 80,000 பேருக்கு ஒன்று என்று அளவு வகுத்திருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் இது மலைவாசிகளுக்குக் காட்டிய சலுகையாகவே தோன்றும். சலுகைதானா என்று கணக்குப் பார்ப்போம்.

ஒடிசாவின் தென்கோடியிலுள்ளது மல்கான்கிரி ஜில்லா. 2011ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அங்கே சதுர கிலோமீட்டருக்கு 106 பேர்; பீஹார் மாகாணத்திலோ 1,106 பேர். ஆகவே விதி முழுதும் நிறைவேறினாலும், பீஹாரில் ஏறக்குறைய 108 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் கிடைக்கும். மல்கான்கிரியில் ஏறக்குறைய 750 சதுர கிலோமீட்டருக்கு ஒன்றே கிடைக்கும். அதாவது, சலுகை பெற்றவனுக்கு ஏழு பங்கு அகன்ற நிலத்தில் ஒரே வைத்தியசாலை! அந்நிலமும் காடும் மலையும் ஓடையுமாய்க் கிடப்பது.

இதே ஜில்லாவில் பலிமேலா அணையின் நீர்த்தேக்கம் 151 கிராமங்களைத் துண்டித்து நிறுத்திற்று. அக்கிராமத்தாருக்குப் படகே கதியாயிற்று. நீரைக் கடக்க 910 மீட்டர் நீளமுள்ள குருப்பிரியா பாலம் 2018ஆம் வருஷம் ஜூலை மாதத்திலேதான் திறக்கப்பட்டது. தேச நன்மைக்காக நீர் தேக்கப்பட்டது. அதன் கிரயத்தை ஒரு மூலையிலுள்ள ஏழைகள் பல்லாண்டு செலுத்தி வந்தனர். பிரசவத்துக்குப் பின் ரத்தப்பெருக்கு உண்டானால், சிகிச்சையின்றி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போய்விடலாம். படகுக்காரனுக்குக் காத்திருக்க அவளுக்கு அவகாசம் ஏது?

ஒடிசா சர்க்கார் 'மா கிருஹ' என்னும் விடுதிகளை ஏற்படுத்தி, கர்ப்பிணிகளைப் பிரசவ நாளுக்கு முன்னரே வரவழைத்துத் தங்கவைப்பது போற்றத்தக்க காரியம். ஆனால் பாம்பு கடிப்பதற்கும், குழந்தைக்கு ஜன்னி காண்பதற்கும் முன்கூட்டி நாள் குறிக்க முடியுமா?

நாம் தயை வேண்டவில்லை, நியாயம் கேட்கிறோம். ஹிமாசலப் பிரதேசத்து வழக்கொன்றில், மலைவாசிகளுக்குப் பாதை வசதி உயிருரிமையிலேயே அடங்கியதென்று சுப்ரீம் கோர்ட் 1986இல் தீர்ப்பளித்தது. அவசர சிகிச்சையைத் தக்க காலத்தில் அளிக்கத் தவறுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் விதிக்கு மாறானதென்றும், பணமில்லை என்பது அதற்குச் சமாதானமாகாதென்றும் மேற்கு வங்காளத்து வழக்கில் 1996இல் அதே கோர்ட் கூறிற்று. இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், போய்ச் சேர முடியாத வைத்தியசாலை சட்டத்தின் கண்ணில் இல்லாத வைத்தியசாலையே என்பது நமது அபிப்பிராயம்.

நிபுணர்களே இல்லாதபோது நிலையங்களைப் பெருக்கி என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். 2021-22ஆம் வருஷத்துச் சர்க்கார் அறிக்கையின்படி, கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான நிபுணர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் இல்லை என்பது உண்மையே. பாதையும், குடியிருக்க வீடும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லாத இடத்துக்கு வைத்தியர் எப்படி வருவார்? நோயாளியை வரவொட்டாத தூரமே வைத்தியரையும் வரவொட்டாது தடுக்கிறது. இரண்டும் ஒரே வியாதி.

பரிகாரம் புதிதன்று. சில மலை ஜில்லாக்களிலும் பாலைவன ஜில்லாக்களிலும், குடியிருப்பிலிருந்து அரைமணி நடைக்குள் துணை நிலையம் அமையலாமென்று மத்திய சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது. சிறிய நிலையத்துக்குப் பொருந்திய நியாயம் பெரிய நிலையத்துக்குப் பொருந்தாதா? அதற்கும் மணிக் கணக்கிலே எல்லை வகுக்க வேண்டும். அந்த எல்லைக்குள் சேர முடியாத கிராமத்துக்குப் பாதையோ, பாலமோ, வாகனமோ, புதிய நிலையமோ தருவது சர்க்காரின் கடமையாக வேண்டும்.

தேசத் தொண்டர்களுக்கு நாம் கூறுவது இது. உங்கள் தாலூகாவின் கடைசிக் குடிசையிலிருந்து சமுதாய சுகாதார நிலையம் வரையில், மழைக்காலத்து இரவிலே எத்தனை மணி நேரமாகிறதென்று அளந்து எழுதுங்கள். அக்கணக்கைச் சட்டசபை அங்கத்தினரிடம் கொடுத்துப் பதில் கேளுங்கள். வரைபடத்தின்மீது வைக்கும் அளவுகோலுக்கு ஆறும் மலையும் இல்லை. நடக்கும் கால்களுக்கு உண்டு.