கதியற்றவருக்கு வைத்தியம்

நம் குடும்ப வைத்தியருக்குப் பாட்டனாரின் நீரிழிவும் தெரியும். குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் தெரியும். அந்தப் பழக்கமே பாதி வைத்தியம். ஆனால் ஊர், உற்றார், தஸ்தாவேஜுகள் யாவற்றையும் இழந்த ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால் வைத்தியர் என்ன செய்வார்?

கானடா தேசத்துக் குடும்ப வைத்தியர்களுக்கு இது கற்பனைக் கேள்வியல்ல. 1986 ஆகஸ்டு மாதத்தில் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்டுலாந்துக் கரைக்கப்பால் தத்தளித்தபோது மீனவர்கள் அவர்களைக் காப்பாற்றினார்கள். 2015 நவம்பருக்கும் 2016 பிப்ரவரி முடிவுக்கும் இடையில் 25,000-க்கு மேற்பட்ட ஸிரியா அகதிகள் அத்தேசத்தை அடைந்தார்கள்.

முதற் கஷ்டம் பாஷை. "நெஞ்சு பாரமாயிருக்கிறது" என்று ஒரு தாய் சொன்னால், அது துக்கமாயிருக்கலாம் என்று நமக்குத் தெரியும். சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் பெயர்த்தாலோ, வைத்தியர் இருதயத்தை மட்டும் பரிசோதிப்பார். மெய்யாகவே இருதய நோயாயிருந்து, அதைத் துக்கமென்று தள்ளிவிட்டாலும் ஆபத்துத்தான். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கற்ற பிள்ளையைப் பெற்றோர் துபாஷியாக அழைத்து வருவதுண்டு. தகப்பனார் பட்ட சித்திரவதையையும் தாயாரின் கர்ப்பத் தொல்லையையும் அந்தப் பாலகன் வாயால் சொல்லச் செய்வது தகுமா? ஆகவே, பயிற்சி பெற்ற துபாஷி நேரிலோ டெலிபோனிலோ இருந்தாக வேண்டும். அப்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் இருமுறை பேசவேண்டியிருக்கிறது. வெளியே காத்திருப்போரின் வரிசையோ நீளுகிறது.

இரண்டாவது கஷ்டம், மறைந்திருக்கும் நோய். குடியேறுவோருக்கு நடக்கும் பரிசோதனையில் க்ஷயரோகத்தைக் கண்டறிய எக்ஸ்-ரே படம் எடுக்கிறார்கள். அதில் அகப்படாத நோய்கள் பல. உஷ்ணப் பிரதேசத்து மண்ணிலிருந்து தோல் வழியே நுழையும் ஸ்டிராங்கிலாய்டிஸ் என்னும் சிறு புழு, குடலில் பல பத்தாண்டுகள் ஓசையின்றி வாழக்கூடியது. பிற்காலத்தில் வேறொரு வியாதிக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால், அது பெருகி உடலெங்கும் பரவி உயிரையே மாய்த்துவிடலாம். பனி தேசத்து வைத்தியர் "எங்கே வளர்ந்தீர்கள்?" என்று கேட்டு, முன்கூட்டியே இரத்தத்தைச் சோதித்தாரானால், ஐவர்மெக்டின் மாத்திரை அதை ஒழித்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் கேட்டுவிடவும் கூடாது! கானடா வைத்திய சங்கத்தின் பத்திரிகையில் 2011-ல் வெளியான வழிகாட்டி, பட்ட கொடுமைகளைத் துருவித் துருவிக் கேட்க வேண்டாமென்று எச்சரிக்கிறது. ஒருவாறு தேறி நடமாடுகிறவரிடம் பழைய புண்ணைக் கிளறினால் நன்மையைவிடத் தீமையே மிகலாம். தூக்கமின்மையையும் சோர்வையும் கவனித்து, நம்பிக்கை பிறக்கும்வரை வைத்தியர் பொறுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது கஷ்டம் பணம். அகதிகளின் வைத்தியச் செலவை நெடுங்காலமாக ஏற்று வந்த மத்திய சர்க்கார், 2012 ஜூன் 30-ஆம் தேதி அதைக் குறைத்தது. குறிப்பிட்ட சில தேசங்களிலிருந்து வந்து அபயம் கேட்டவர்களுக்கு, பொதுஜனங்களுக்கு ஆபத்து விளைக்கும் நோயானால் மட்டுமே உதவி என்றாயிற்று. க்ஷயரோகத்துக்கு மருந்து உண்டு, மாரடைப்புக்கு இல்லை! நோயாளியைக் காப்பதை விட்டு, நோயாளியிடமிருந்து மற்றவரைக் காப்பதே வைத்தியமாகிவிட்டது.

வைத்தியர்கள் வெள்ளை அங்கியுடன் வீதியில் இறங்கினார்கள், நியாயஸ்தலத்துக்கும் சென்றார்கள். 2014 ஜூலை 4-ஆம் தேதி நீதிபதி ஆன் மாக்டாவிஷ், அந்தக் குறைப்பு கொடுமையானதும் அசாதாரணமானதுமாகும் என்று தீர்ப்பளித்தார். 2016 ஏப்ரல் 1-ஆம் தேதி பழைய உதவி முழுமையும் திரும்ப அமலுக்கு வந்தது.

அகதி என்றால் கதியற்றவர் என்று பொருள். அவர் பாஷையில் ஒரு சொல்லும் அறியாத வைத்தியர்கள் அவருக்காக வழக்காடினார்கள். மருந்துச் சீட்டோடு வைத்தியரின் கடமை தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?