கோபத்திலிருந்து தன்னாய்வுக்கு: தில்லி ராப் இரட்டையர் 'சீதே மௌத்' கடந்து வந்த பாதை

புது தில்லி: திரைப்படப் பாடல்களே வெகுமக்கள் இசையாகக் கருதப்படும் இந்தியாவில், திரையுலகைச் சாராமல் முழுநீள ஆல்பங்களை வெளியிட்டுப் பெரும் ரசிகர் கூட்டத்தைத் திரட்டிய குழுக்கள் மிகச் சிலவே. அவற்றில் முக்கியமானது, தலைநகர் தில்லியைச் சேர்ந்த 'சீதே மௌத்' எனும் ஹிப்-ஹாப் இரட்டையர் குழு. வேகத்துக்கும் கோபத்துக்கும் பெயர்பெற்ற இவ்விருவரும், 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட 'நாயாப்' ஆல்பத்தில் அந்தக் கோபத்தைத் தங்கள் பக்கமே திருப்பிக்கொண்டனர். வெற்றி, அச்சம், நட்பு, மரணம் ஆகியவற்றை நிதானமாகப் பேசிய அந்த ஆல்பம், இந்திய ராப் இசை முதிர்ச்சியை நோக்கி நகர்ந்ததன் அடையாளமாகப் பேசப்படுகிறது.

இந்த மாற்றம் ஏன் முக்கியமானது? ஒரு ராப் கலைஞர் தன் பலவீனத்தை ஒப்புக்கொள்வது எத்தகைய துணிவு? தமிழ் ராப் இசையுடன் இதனை எவ்வாறு ஒப்பிடலாம்? விரிவாகக் காண்போம்.

யார் இந்த இரட்டையர்?

'என்கோர் ஏபிஜே' எனும் மேடைப் பெயர் கொண்ட அபிஜய் நேகி, 'காம்' எனும் மேடைப் பெயர் கொண்ட சித்தாந்த் சர்மா ஆகிய இருவரே சீதே மௌத். இவர்களில் காம், பாடுவதுடன் இசைத் தயாரிப்பிலும் ஈடுபடுபவர். 'சீதே' என்றால் 'நேராக' என்று பொருள். 'மௌத்' என்பது மரணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்; உருது வழியாக இந்தியில் வழங்குகிறது. தமிழ் முஸ்லிம்கள் ஒருவரது மறைவை 'மௌத்தாகிவிட்டார்' என்று குறிப்பிடும் வழக்கிலும் இதே சொல்தான் உள்ளது. 'நேரடி மரணம்' என்று பெயர் சூட்டிக்கொண்ட குழுவிடம் மென்மையை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. தொடக்க காலப் பாடல்களும் அப்பெயருக்கு ஏற்பவே இருந்தன.

இரு குரல்களின் வேறுபாடே இக்குழுவின் பலம். ஒருவர் தொடுக்கும் வரியை மற்றவர் முடிப்பதும், ஒருவர் எழுப்பும் கருத்துக்கு மற்றவர் மறுமொழி கூறுவதும் இவர்களது பாணி. இது தமிழருக்குப் புதிதன்று. முதுசூரியர், இளஞ்சூரியர் எனும் இரட்டைப் புலவர்களில் ஒருவர் பாடலின் முதற்பாதியைப் பாட, மற்றவர் பிற்பாதியைப் பாடி நிறைவு செய்வார் என்பது தமிழ் இலக்கிய மரபில் வழங்கிவரும் செய்தி. ஒருவர் கண் பார்வையற்றவர், மற்றவர் கால் ஊனமுற்றவர் என்றும், ஒருவரது குறையை மற்றவர் ஈடுசெய்தனர் என்றும் அம்மரபு கூறுகிறது. இரண்டு ராப் கலைஞர்கள் ஒரே தாளத்தைப் பகிர்ந்துகொள்ளும்போதும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது.

தில்லி ராப் உருவான பின்னணி

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உள்ள பிராங்க்ஸ் பகுதியில், 1973-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தே ஹிப்-ஹாப் இசையின் பிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. இந்தியாவில் இவ்விசை இரு வழிகளில் பரவியது. யோ யோ ஹனி சிங், பாத்ஷா, ராஃப்தார் போன்றோர் பஞ்சாபி-இந்தி கலந்த கொண்டாட்டப் பாடல்களால் திரையுலகில் இடம்பிடித்தனர். மறுபுறம், மும்பையில் நேஸி, டிவைன் ஆகியோர் தங்கள் குடியிருப்புப் பகுதிகளின் வாழ்க்கையைப் பாடினர். இருவரும் இணைந்து 2015-இல் வெளியிட்ட 'மேரே கல்லி மே' பாடலும், இவர்களது வாழ்க்கையால் உந்தப்பட்டு ஜோயா அக்தர் 2019-இல் இயக்கிய 'கல்லி பாய்' திரைப்படமும் 'கல்லி ராப்' எனும் பெயரை நாடறியச் செய்தன.

'மேரே கல்லி மே' பாடலுக்கு இசையமைத்த 'செஸ் ஆன் தி பீட்' எனும் சஜீல் கபூர்தான், பின்னாளில் தில்லி ராப் இசையின் ஒலி அடையாளத்தையும் வடிவமைத்தார். 2017-ஆம் ஆண்டு உதய் கபூர், மோ ஜோஷி ஆகியோர் 'ஆசாதி ரெக்கார்ட்ஸ்' எனும் சுயாதீன இசை நிறுவனத்தைத் தொடங்கினர். மேற்கு தில்லியின் திலக் நகரைச் சேர்ந்த பிரப் தீப், அதே ஆண்டு செஸ் இசையில் வெளியிட்ட 'கிளாஸ்-சிக்' ஆல்பம் பரவலான கவனத்தைப் பெற்றது. அந்த வரிசையில் அடுத்து வந்தவர்களே சீதே மௌத்.

மூன்று தலைப்புகள், மூன்று நிலைகள்

இக்குழுவின் வளர்ச்சியை அதன் வெளியீடுகளின் தலைப்புகளைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். 2018-இல் செஸ் இசையில் வெளியான முதல் ஆல்பத்தின் பெயர் 'பயான்'. 'வாக்குமூலம்' அல்லது 'கூற்று' என்று இதனைத் தமிழில் கூறலாம். தாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம், எதை ஏற்க மறுக்கிறோம் என்று அறிவித்த ஆல்பம் அது. அரசியல், சமூகப் பிளவுகள் மீதான சினம் அதில் வெளிப்படையாக ஒலித்தது.

இரண்டாவது முக்கிய வெளியீடு, 2021-இல் வந்த 'ந'. தேவநாகரியின் ஒற்றை எழுத்தே அதன் தலைப்பு. 'நமஸ்துதே', எம்சி ஸ்டானுடன் இணைந்து பாடிய 'நன்சாக்கு' உள்ளிட்ட அதன் பாடல் தலைப்புகளும் அதே எழுத்தில் தொடங்குகின்றன. தமிழ் யாப்பிலக்கணம் அறிந்தோர் இதனை 'மோனை' என்பர். இந்தியில் 'ந' என்பது மறுப்பைக் குறிக்கும் சொல்லும்கூட. சொல் விளையாட்டும் வேகமும் தற்பெருமையும் நிறைந்த அவ்வெளியீடு, குழுவின் ரசிகர் வட்டத்தை வெகுவாக விரிவுபடுத்தியது.

மூன்றாவதாக 2022-இல் வெளியானது 'நாயாப்'. பாரசீகத்தில் 'நா' என்பது இன்மையையும், 'யாப்' என்பது கிடைத்தலையும் குறிக்கும். 'எளிதில் கிடைக்காதது', 'அரிதானது' என்பது முழுச் சொல்லின் பொருள். முந்தைய வெளியீட்டில் தனித்து நின்ற மறுப்புச் சொல்லின் ஒலி, இங்கே அருமையைக் குறிக்கும் சொல்லின் முதல் அசையாகிவிட்டது.

'நாயாப்' ஆல்பத்தில் மாறியது என்ன?

முதல் மாற்றம் இசையில் நிகழ்ந்தது. 'பயான்' ஆல்பத்தில் இறுக்கமான, கடினமான தாளங்களை அமைத்த அதே செஸ், 'நாயாப்' ஆல்பத்தில் திரைப்படப் பின்னணி இசையை நினைவூட்டும் விரிந்த ஒலிப்பரப்பை உருவாக்கினார். தாளம் பின்னுக்கு நகர்ந்து, மெல்லிசை முன்னுக்கு வந்தது. பாடல்களுக்கு இடையே மௌனத்துக்கும் இடம் கிடைத்தது. தனித்தனிப் பாடல்களின் தொகுப்பாக இல்லாமல், தொடக்கம் முதல் முடிவு வரை வரிசையாகக் கேட்க வேண்டிய ஒரே படைப்பாக அது அமைந்தது.

இரண்டாவது மாற்றம் பேசுபொருளில் நிகழ்ந்தது. பாடல்களின் தலைப்புகளே இதனை உணர்த்துகின்றன. 'அனாடி' என்றால் அனுபவமற்றவர். 'தம் குட்டே' என்பது மூச்சுத் திணறலைக் குறிக்கும். 'கோஹ்ரா' என்றால் மூடுபனி. 'தீன் தோஸ்த்' என்றால் மூன்று நண்பர்கள். 'ராஜ்தானி' என்றால் தலைநகரம். 'மர்னே கே பாத் பீ' என்பதற்கு 'இறந்த பிறகும்' என்று பொருள். எதிராளியை வீழ்த்தும் சவால்களைக் காட்டிலும், தன்னைத் தானே விசாரிக்கும் கேள்விகளே இவற்றில் மேலோங்கி நிற்கின்றன. மெல்லிய தாளத்தில் அமைந்த 'மைனா' பாடல், இக்குழுவை அதுவரை கேட்டிராத பலரையும் சென்றடைந்தது.

இரு ஆல்பங்களுக்கும் இடைப்பட்ட காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 2020 மார்ச் மாதம் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபோது நாடெங்கும் இசை நிகழ்ச்சிகள் நின்றுபோயின. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலை தில்லியைக் கடுமையாகத் தாக்கியது. மருத்துவமனைகளில் படுக்கைகளும் ஆக்சிஜனும் கிடைக்காமல் மக்கள் தவித்த அந்த நாள்களைக் கண்ட நகரில், மூச்சுத் திணறலையும் மரணத்துக்குப் பிந்தைய நினைவையும் பேசும் பாடல்கள் கேட்பவரின் மனத்தில் கூடுதல் பொருள் பெறுவது இயல்பே.

தன்னாய்வு ஏன் துணிச்சலாகிறது?

ராப் இசை வளர்ந்தது போட்டிக் களத்தில். இரு கலைஞர்கள் எதிரெதிரே நின்று, உடனுக்குடன் வரிகளைத் தொடுத்து ஒருவரையொருவர் மடக்கும் 'பேட்டில்' அதன் அடிப்படை வடிவங்களில் ஒன்று. அக்களத்தின் விதிப்படி தற்பெருமை ஆயுதம்; அச்சத்தை ஒப்புக்கொள்வது தோல்வி. எனவே, 'எனக்குக் குழப்பம் இருக்கிறது' என்று ஒரு ராப் கலைஞர் பாடும்போது, தன் கலையின் முதல் விதியையே மீறுகிறார்.

இதில் வணிக இடரும் உண்டு. வேகமான பாடல்களைக் கேட்டு வந்த இளம் ரசிகர்கள், நிதானமான பாடல்களைக் கேட்காமல் கடந்துவிடலாம். சில நொடிகளில் அடுத்த பாடலுக்குத் தாவ வாய்ப்பளிக்கும் செயலிகளின் காலத்தில், முழு ஆல்பத்தையும் பொறுமையுடன் கேட்கக் கோருவது எளிதன்று.

உலக அளவிலும் மூத்த ராப் கலைஞர்கள் இதே கேள்வியை எதிர்கொண்டுள்ளனர். ஜே-சி 2017-இல் வெளியிட்ட '4:44' ஆல்பத்தில் தன் இல்வாழ்க்கைத் தவறுகளை வெளிப்படையாகப் பேசினார். 2018-இல் புலிட்சர் பரிசு பெற்ற கென்ட்ரிக் லாமர், 2022 மே மாதம் வெளியிட்ட 'மிஸ்டர் மொராலே அண்ட் தி பிக் ஸ்டெப்பர்ஸ்' ஆல்பத்தில் மனநல ஆலோசனை, குடும்பக் காயங்கள் ஆகியவற்றை மையப்படுத்தினார். 'நாயாப்' வெளியானதும் அதே ஆண்டில்தான். ஆனால், அமெரிக்கக் கலைஞர்கள் உச்ச வெற்றியை அடைந்த பிறகு எடுத்த முடிவை, தில்லி இரட்டையர் தங்கள் இரண்டாவது முழுநீள ஆல்பத்திலேயே எடுத்தனர்.

சுயாதீனம் என்பதன் விலை

'சுயாதீன இசை' என்பது திரைப்படத்தையோ பெரும் இசை நிறுவனத்தையோ சாராமல் உருவாகும் இசையைக் குறிக்கும். திரைப்பாடலுக்குத் தயாரிப்பாளர் செலவு செய்வார். நட்சத்திரத்தின் முகமும் படத்தின் விளம்பரமும் பாடலைக் கொண்டுசேர்க்கும். சுயாதீனக் கலைஞருக்கு இவை எதுவும் இல்லை. பதிவுக்கூடம், காணொளி, விளம்பரம் ஆகிய அனைத்தையும் கலைஞரோ சிறு நிறுவனமோ ஏற்க வேண்டும். ஸ்ட்ரீமிங் தளங்களில் ஒருமுறை ஒலிக்கும் பாடலுக்குக் கிடைக்கும் தொகை மிகச் சொற்பம் என்பதால், மேடை நிகழ்ச்சிகளே முக்கிய வருவாய். மேடையில் கூட்டத்தை ஆட வைப்பவை வேகமான பாடல்கள் என்பதும் இங்கு கருதத்தக்கது.

பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் தங்கள் படைப்பின் மீதான காப்புத்தொகை உரிமையை இழக்காதிருக்க, 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. எனினும், சட்டத்தில் உள்ள உரிமை வங்கிக் கணக்கை வந்தடைவது வேறு விஷயம். உலகெங்கும் ஒலித்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலின் வருவாய் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் பொதுவெளியில் தெரிவித்தது இதற்கு உதாரணம்.

தமிழ் ராப் நடந்த வழி

மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' ஆல்பம், தமிழில் ராப் பாட முடியும் என்பதைத் தமிழகத்துக்கும் உணர்த்தியது. அதன்பின் ஆதி, ஜீவா ஆகிய இருவர் அடங்கிய 'ஹிப்ஹாப் தமிழா' குழு, 2012-இல் 'ஹிப்ஹாப் தமிழன்' எனும் சுயாதீன ஆல்பத்தை வெளியிட்டது. 2015-இல் 'ஆம்பள' திரைப்படத்தின் மூலம் அவர்கள் திரையிசையமைப்பாளர்கள் ஆயினர். தமிழகத்தில் திரைத்துறையின் ஈர்ப்பு அத்தகையது.

மற்றொரு பாதையைத் தேர்ந்தவர் அறிவு. இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து 2019-இல் அவர் வெளியிட்ட 'தெருக்குரல்' ஆல்பத்தில் அரசியல் சினம் முதன்மையாக இருந்தது. 2024-இல் வெளியான அவரது 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பமோ, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தன் பாட்டியின் நினைவிலிருந்து பிறந்தது. நகரமும் மொழியும் சமூகப் பின்னணியும் வேறு என்றாலும், வெளியுலகை நோக்கிய குரல் சில ஆண்டுகளில் தன் வேர்களை நோக்கித் திரும்புவதை இரு இடங்களிலும் காண முடிகிறது. அறிவுக்கு அந்த வேர் குடும்ப வரலாறு. தில்லி இரட்டையருக்கு நட்பும் நகரமும்.

அதன் பிறகு?

'நாயாப்' ஆல்பத்துக்குப் பிறகு சீதே மௌத் அதே நிதானத்திலேயே தங்கிவிடவில்லை. 2023-இல் 30 பாடல்கள் கொண்ட 'லஞ்ச் பிரேக்' எனும் மிக்ஸ்டேப்பை வெளியிட்டனர். மிக்ஸ்டேப் என்பது ஆல்பத்தைப் போன்ற கட்டுக்கோப்பு தேவையில்லாத, கலைஞர் தன் திறனைச் சுதந்திரமாகச் சோதிக்கும் வடிவம். தில்லியின் மூத்த ராப் கலைஞர் கிருஷ்ணாவுடன் இணைந்த 'கட்டா ஃப்ளோ' உள்ளிட்ட பாடல்களில் பழைய வேகம் திரும்பியது. 2024-இல் 'சக்தி', 'க்ஷமா' எனும் இரு சிறு தொகுப்புகள் வெளிவந்தன. ஒன்று ஆற்றலையும் மற்றொன்று மன்னிப்பையும் குறிக்கும் சொற்கள். ஒருபுறம் வலிமை, மறுபுறம் பொறுமை என இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள இவர்கள் விரும்புவதை இத்தலைப்புகள் காட்டுகின்றன.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. முதிர்ச்சி என்பது இவர்களைப் பொறுத்தவரை வேகத்தைக் கைவிடுவதாக அமையவில்லை; எப்போது வேகம், எப்போது நிதானம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையாகவே அமைந்தது. அந்த உரிமையைத் தந்தது, அவர்களை அவசரப்படுத்தாமல் முழு ஆல்பத்தையும் கேட்ட ரசிகர்கள். பெரும் நிறுவனங்களோ திரைப்பட விளம்பரமோ துணையில்லாத கலைஞர்கள் தொடர்ந்து இயங்குவதும், அத்தகைய ரசிகர்கள் எத்தனை பேர் நிலைத்து நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமையும்.