தண்ணீரில் கண்டம்

எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜாதகத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவர் கோவில்பட்டிப் பக்கத்து ஜோசியர். "கண்டம் வர்றதுக்கு நம்ம ஊர்ல தண்ணி எங்கய்யா இருக்கு?" என்று அப்பா சிரித்துக்கொண்டே அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கண்மாய் நிரம்பினால் ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் கரிசல் பூமி அது. அங்கே வளர்ந்தவளைக் கல்யாணம் பண்ணி இங்கிலாந்துக்குக் கூட்டிவந்து, 22 அடிப் பாய்மரப் படகுக்குள் ராத்திரி படுக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர்.

படகு அவருக்கும் ஆபீஸ் நண்பர்கள் இருவருக்கும் பொதுச் சொத்து. பழசு. நிற்கும் இடம் இங்கிலாந்தின் கிழக்கோரத்து நார்ஃபோக் பிராட்ஸ். ஆறுகளும் ஆழமில்லாத ஏரிகளும் நாணல் காடுமாக, படகு போகக்கூடிய நீர்வழி மட்டும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சனிக்கிழமை பகலில் போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவதாக இருந்தவரை எனக்கும் வழக்கில்லை. ராத்திரி தங்கலாம் என்றபோதுதான் தொடங்கியது.

முதல் ராத்திரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதரைக்குப் படுத்தோம். பத்து மணிக்கு எதுவோ 'டங் டங்' என்றது. "என்னங்க அது?" "ஒண்ணுமில்ல, தூங்கு." பதினொன்றுக்கு யாரோ அழுவதுபோல ஒரு முனகல். "ஒண்ணுமில்ல." ஒரு மணிக்கு என் காதுக்கு நேராக, படகின் சுவருக்கு வெளியே, விரலால் தட்டுவதுபோல 'டொக், டொக், டொக்'. அதற்குப் பதிலே வரவில்லை; குறட்டைதான் வந்தது. ஒன்றரைக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கரையேறி, காருக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எட்டு மாதம் படகுப் பேச்சே எடுக்கவில்லை.

இப்போது யோசித்தால், அன்றைக்கு என்னை விரட்டியது தண்ணீர் இல்லை. அந்த 'ஒண்ணுமில்ல'தான். பயப்படுகிறவரிடம் ஒன்றுமில்லை என்று சொன்னால், பயத்தோடு சேர்த்து அவமானத்தையும் அவர் தலையில் ஏற்றுகிறோம். இருட்டில் சத்தம் கேட்கிறது. ஆகவே ஏதோ ஒன்று இருக்கிறது. என்ன என்றுதான் தெரியவேண்டும்.

அடுத்த வசந்தத்தில் அவர் கொஞ்சம் திருந்தியிருந்தார். இந்தமுறை ராத்திரிப் பேச்சே இல்லை. கரையில் கட்டிய படகில் டீ போட்டுக் குடித்தோம். அடுத்த வாரம் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு, மதியம் ஒரு குட்டித் தூக்கம். இப்படி நாலைந்து மதியம். படகில் தூங்கப் பழக வெளிச்சத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அதே ஆட்டம், அதே சத்தம். கண்ணைத் திறந்தால் வெயில் தெரிகிறது, கரையில் யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

அந்த மதியங்களில்தான் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தோம். 'டங் டங்' என்றது பாயை ஏற்றும் கயிறு. காற்றில் அலுமினியப் பாய்மரத்தின்மேல் அடிக்கிறது. அதை இழுத்து மரத்தைவிட்டுத் தள்ளி ஒரு ரப்பர் வாரில் கட்டினால் வாயை மூடிக்கொள்கிறது. முனகல், ஃபெண்டர் என்கிற ரப்பர் மெத்தை கரைக்கட்டையில் உரசுவது. கயிற்றை நெகிழ்த்தி அதை அரையடி நகர்த்தினோம், நின்றது. மூழ்கப்போகிறோம் என்று நான் நினைத்த 'சளப் சளப்' முகப்பின் அடிவயிற்றில் சின்ன அலை அறைவது; அதை நிறுத்த முடியாது, பழகத்தான் வேண்டும். காதுக்கு நேராகக் கேட்ட அந்த 'டொக், டொக்' இருக்கிறதே, அது வாத்து. படகின் பக்கவாட்டில் நீர்மட்டத்தை ஒட்டிப் பாசி படர்ந்திருக்கும். அதைக் கொத்தித் தின்ன வருகிறது. எட்டு மாதம் என்னைப் படகுப்பக்கம் வரவிடாமல் செய்தது ஒரு வாத்தின் ராச்சாப்பாடு!

படுக்கை விஷயத்தில் ஆண்களுக்கு ஒரு தனிக் குருட்டுத்தன்மை உண்டு. இந்த அளவுப் படகில் முகப்பு குறுகுவதால் படுக்கையும் தலைமாட்டில் அகன்று கால்மாட்டில் ஒடுங்கிப்போகும். இருவர் படுத்தால் நான்கு பாதமும் ஒரே முக்கில் சண்டை போடும். உள்ளே படுத்தவர் எழவேண்டுமானால் வெளியே படுத்தவர்மேல் ஏறித்தான் இறங்கவேண்டும். வெளிப்பக்கம் எனக்கு என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். கழுத்துவரை ஜிப் போட்ட ஸ்லீப்பிங் பேக்கை, பிணம் கட்டினமாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து என் தலையணை, என் பருத்திப் போர்வை கொண்டுபோனேன். ஈரம் இன்னொரு தொல்லை. சின்னக் கேபினில் இரண்டு பேர் விடும் மூச்சே விடிவதற்குள் கூரையில் நீர்முத்தாகக் கோத்துச் சொட்டும். மெத்தைக்கு அடியும் நனையும். குளிராக இருந்தாலும் மேல்மூடியை இரண்டு விரல் திறந்துவைப்பதுதான் வழி.

கழிப்பறையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பேசாததனாலேயே பல மனைவிமார் சாயங்காலம் நாலு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை. எங்கள் படகில் இருப்பது படிக்கட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மேலே இருக்கை, கீழே நீல மருந்து ஊற்றிய தொட்டி. நான் மூன்று நிபந்தனை போட்டேன். தடித்த துணியில் திரை. திரை இழுபட்டால் அவர் வெளியே போய் நட்சத்திரம் பார்க்கவேண்டும், மழையானாலும். தொட்டியைக் கரையில் கொண்டுபோய்க் கொட்டுவது ஆயுசுக்கும் அவர் வேலை. ஆரம்பத்தில் கரையிலேயே கழிப்பறை இருக்கும் ரான்வொர்த் மாதிரித் துறைகளில் மட்டும்தான் கட்டினோம்.

இடவசதி கேட்பதைச் சிணுங்கல் என்று நினைக்கும் கணவர்களுக்கு ஆர்தர் ரான்ஸம் வீட்டுக் கதையைச் சொல்வேன். இந்த பிராட்ஸையே களமாக வைத்து 1934இல் 'கூட் கிளப்' என்ற சிறுவர் நாவலை எழுதியவர் அவர். 1935இல் 28 அடிப் படகொன்றை வாங்கி, தன் கதாபாத்திரமான நான்சி பிளாக்கெட்டின் பெயரையே அதற்கு வைத்தார். உயிராக இருந்தார். அவர் மனைவி எவ்கேனியா, ரஷ்யப் புரட்சிக் காலத்தில் ட்ராட்ஸ்கியிடம் செயலாளராக இருந்தவர். புரட்சியையே பக்கத்திலிருந்து பார்த்த அந்த அம்மாளுக்கு, படகின் சமையல் மூலை மட்டும் தாங்கவில்லை. ரொம்பக் குறுகல் என்றார். 35 அடியில் புதுப் படகு கட்டினார்கள். 1938இல் நான்சி பிளாக்கெட் கைமாறியது. அதைப்போல ஒரு சின்னப் படகு தனக்கு வாய்த்ததில்லை என்றுதான் ரான்ஸம் கடைசிவரை நினைத்தார். இந்த வழக்கில் நான் எவ்கேனியா கட்சி.

சில பயங்கள் பழகிப்போகக்கூடாதவை. 2016 ஜூனில் இதே பிராட்ஸில், ராக்ஸம் ஊரில், மோட்டார் படகில் தங்கியிருந்த ஒரு ஜோடி கார்பன் மோனாக்சைடால் இறந்துபோனார்கள். படகைச் சுற்றிக் கூடாரத்துணி மூடியிருக்க, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் புகை உள்ளே சேர்ந்துவிட்டது. நிறமும் வாசனையும் இல்லாத வாயு. 2019 ஏப்ரலிலிருந்து இங்கே கேபின் உள்ள படகுகளில் அதற்கான அலாரம் கட்டாயம். இரவில் படுக்குமுன் அதன் பட்டனை அமுக்கிக் கத்தவைத்துப் பார்ப்பது என் வேலை. தீபம் ஏற்றுவதுபோல ஒருநாளும் தவறாது. நீச்சல் தெரியாது என்பதால் மேல்தளத்துக்குப் போனாலே லைஃப் ஜாக்கெட். அதிலும் 150 நியூட்டன் ரகம். மயங்கி விழுந்தாலும் முகத்தை மேல்பக்கம் திருப்பி மிதக்கவைக்கும். 50 நியூட்டன் ரகம் நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான். ஈரத் தளத்தில் சாக்ஸ் காலோடு ராத்திரி நடக்கக்கூடாது என்பதை அவரே வழுக்கிவிழுந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஒருநாள் கேட்டேன்: "நடுராத்திரி உங்களுக்கு நெஞ்சுவலி வந்தா நான் என்ன பண்றது?" பதில் இல்லை. அதுவரை இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. என் பயத்தின் அடிவேர் அதுதான் என்று எனக்குமே அப்போதுதான் விளங்கியது. பாய், கயிறு, இன்ஜின் எல்லாம் ஒருவர் கையில்; இன்னொருவர் வெறும் சுமை. சுமைக்குத் தூக்கம் எப்படி வரும்? அடுத்த நாலு வாரம் இன்ஜினை எப்படிக் கிளப்புவது, சுக்கானை எப்படிப் பிடிப்பது, கயிற்றை எப்படி முடிவது என்று கற்றுக்கொண்டேன். அவர் கத்தினார்; திருப்பிக் கத்தினேன்; பக்கத்துப் படகுக்காரர்கள் தமிழ் கேட்டார்கள். எங்கே கட்டுகிறோமோ அந்தத் துறையின் பெயரை ஒரு சீட்டில் எழுதி, படிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். 999க்கு அடித்தால் எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரியவேண்டுமே. நாணலுக்கு நடுவே வீட்டு நம்பர் ஏது!

நங்கூரம் போட்டு நடுநீரில் தங்குவதை இன்னமும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கரையில்தான் கட்டவேண்டும். கடலோரம் கிரேட் யார்மத் பக்கம் ஓதத்தின் இழுப்பு முரட்டுத்தனமானது, அங்கே போவதில்லை. உள்ளே லட்ஹம் பக்கம் நீர்மட்டம் ஏறி இறங்குவது சொற்பம். கயிற்றில் கொஞ்சம் தொய்வு விட்டால் போதும். இந்த ஏரிகள் இயற்கையானவை அல்ல என்று தெரிந்தபோது எனக்குப் பாதிப் பயம் விட்டுப்போயிற்று. இடைக்காலத்தில் அடுப்பெரிக்க பீட் என்கிற எரிமண்ணை ஜனங்கள் வெட்டியெடுத்த பள்ளங்கள். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் வெள்ளம் புகுந்து ஏரியாகிவிட்டன. 1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் மண்ணைத் துளைத்துப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். மனுசன் வெட்டியது, ஆழம் குறைவு. அப்படியானால் நம்ம ஊர்க் கண்மாய்க்கு ஒன்றுவிட்ட தங்கச்சி.

ஆனாலும் முதல்முறை விடியவிடியத் தூங்கியது, கார் சாவி என் கைப்பையில் இருந்த ராத்திரியில்தான். எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போகலாம், ஏன் என்று கேட்கமாட்டேன், மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் மாட்டேன் என்று சாவியைக் கொடுத்தபோது சொன்னார். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. கைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது. புரண்டு படுத்துக்கொண்டேன்.

போன மே மாதம் மூன்று ராத்திரி தங்கினோம். வீட்டுக்கு வந்து சமையல்கட்டில் நிற்கும்போது தரை ஆடியது. படகைவிட்டு இறங்கியபிறகும் உடம்பு கொஞ்சநேரம் ஆட்டத்தைத் தேடுமாம். கடைசிநாள் காலையில் நாணலுக்குள்ளிருந்து பிட்டர்ன் என்கிற நாரை இனத்துப் பறவை, காலிப் பாட்டில் வாயில் ஊதினமாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோ காலில் வந்தார். ஊரில் அப்போது பகல் பன்னிரண்டு தாண்டியிருக்கும். படகில் இருப்பதை நான் சொல்லியிருக்கவில்லை; ஜாதகத்தை பீரோவிலிருந்து எடுத்துவிடுவார்.

"எங்கடி இருக்க? கூரை தலையில இடிக்குது?"

"லாட்ஜும்மா. பழைய காலத்து லாட்ஜ்."

இவர் திரைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சமயத்தில் சுவரில் டொக், டொக், டொக்.

"யாரோ கதவத் தட்டுறாங்க பாரு," என்றார் அம்மா. "காப்பி கொண்டு வந்திருப்பான். போய்த் தொற."